சனிக்கிழமைப் புள்ளிகள்

அம்மா,

இன்று வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கும் நேரத்தில் பின்சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. எழுந்து போய்ச் சமையலறைச் சன்னலைச் சாத்தினேன். சாத்திவிட்டு, இடுக்கு வழியாக வந்த கொஞ்சத்தை நின்று முகர்ந்தேன். நீங்கள் பார்த்திருந்தால் பின்னலைப் பிடித்து இழுத்திருப்பீர்கள்.

நான் இடைநிலைப் பள்ளிக்குப் போன வருடங்களில் அந்தப் பின்னல் காலைதோறும் உங்கள் பிடியில்தான் இருந்தது. அப்பா சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எல்லைக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயா வீட்டில் மிச்சம் நீங்களும் நானும் சீப்பும். மூச்சிழுப்பு உள்ள பிள்ளையைத் தினமும் கேட்டுக் குறித்து வையுங்கள் என்று, கிளினிக்கில் மிஸ்ஸி என்று நாம் கூப்பிடும் தாதி சொன்ன நாளிலிருந்து, சிக்கெடுப்பதோடு விசாரணையும் சேர்ந்துகொண்டது.

"ராத்திரி இருமினியா?"

"இல்லமா."

"மூச்சு முட்டி நீல பம்ப் அடிச்சியா?"

"இல்லமா."

"ஸ்கூல்ல மாடி ஏறும்போது இரைச்சுச்சா?"

"ஒன்னும் இல்ல, விடுங்கலா. பஸ் வந்துரும்."

விடமாட்டீர்கள். பதினான்கு வயதுக்காரியின் வாயை நம்புகிற அளவுக்கு நீங்கள் அப்பாவி இல்லை. ஒரு கையில் முடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை என் முதுகில் வைப்பீர்கள். "வாய்தாண்டி பொய் சொல்லும், முதுகுக்குத் தெரியாது" என்பீர்கள். அந்தக் கை சில நொடிகள் அசையாமல் இருக்கும். அப்போதெல்லாம் எனக்கு அது எரிச்சல்தான். இப்போது தலை வாரும்போது முதுகு அந்தக் கையைத் தேடுகிறது.

குறித்து வைக்கக் கிளினிக்கில் ஓர் அட்டை கொடுத்தார்கள். அது இரண்டே நாளில் எங்கோ போய்விட்டது. மளிகைக் கடையில் கொடுத்து, அடுப்படிச் சுவரில் தொங்கிய நாட்காட்டி போதும் என்று முடிவு செய்தீர்கள். இரவில் இழுத்திருந்தால் மறுநாள் காலை அந்நாள் கட்டத்தில் குங்குமப் புள்ளி. சும்மா இருமல் என்றால் மஞ்சள். ஒன்றும் இல்லாத நாளுக்குப் புள்ளியும் இல்லை. வீட்டுக்கு வந்த என் தோழிகள் அதைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல மாசம் பூரா விசேஷமா?" என்று கேட்டார்கள். என் மானம் கப்பலேறியது. நீங்களோ அவர்களுக்குத் தேநீர் ஊற்றியபடியே என் இருமலின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்லி முடித்தீர்கள்.

குங்குமப் புள்ளிகள் சனிக்கிழமை வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் அது தெரிந்தது. எல்லாரும் சேர்ந்துதான் தப்பாகப் படித்தோம். வெள்ளிக்கிழமை இரவுதானே பசார் மாலாம் சந்தைக்குப் போகிறோம்? அங்கே நான் சாப்பிடும் ஐஸ் கச்சாங்தான் காரணம் என்றீர்கள். ஐஸ் கச்சாங் நின்றது. புள்ளி நிற்கவில்லை. அப்புறம் கூட்டத்தில் எவர் கண்ணாவது பட்டிருக்கும் என்றீர்கள். அதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருந்தது. வீடு கழுவி விளக்கேற்றிய கையோடு, தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவி, அறை அறையாகக் கொண்டுபோவீர்களே, அந்தப் புகையில் எனக்கென்று தனியாக இன்னும் மூன்று சுற்று. கட்டிலில் உட்கார்ந்து நான் மூச்சை இழுத்து வாங்க வேண்டும். நல்லா இழு, எல்லாம் போயிரும் என்று தலையைத் தடவுவீர்கள். புள்ளிகள் இன்னும் சிவந்தன.

அடுத்த முறை கிளினிக்குக்கு நாட்காட்டியையே சுருட்டி எடுத்துப் போனோம். மிஸ்ஸி அதை மேசையில் விரித்துப் பார்த்தார். "வெள்ளிக்கிழம சாயங்காலம் வீட்டுல என்னென்ன செய்வீங்க, ஒன்னு விடாம சொல்லுங்க" என்றார். நீங்கள் பெருமையாகத்தான் ஆரம்பித்தீர்கள். "வீடு கழுவுவேன், விளக்கு வைப்பேன், அப்புறம் சாம்பிராணி எல்லா ரூமுக்கும் காட்டிட்டு, இவளுக்குன்னு தனியா…" அதோடு நின்றுவிட்டீர்கள். உங்கள் வாயிலிருந்து வந்ததை உங்கள் காதே அப்போதுதான் கேட்டது. மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பரவால்லம்மா. குறிச்சு வச்சீங்கல்ல, அதனாலதான் தெரிஞ்சுச்சு" என்றார். இழுப்பு வராமல் தடுக்கக் காலையும் மாலையும் தவறாமல் எடுக்க வேண்டிய பழுப்பு பம்பைப் பற்றியும் சொன்னார். வீடு வரும்வரை நீங்கள் என் கையை விடவில்லை.

தூபக்காலைப் புளி போட்டுத் துலக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டீர்கள். அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் காமாட்சி விளக்கை மட்டும் ஏந்தி அறை அறையாக வந்தீர்கள். புள்ளிகள் ஒரேயடியாகப் போகவில்லை. காட்டுத்தீப் புகை ஊரை மூடிய மாதங்களில் வந்தன, பரீட்சை நேரத்தில் வந்தன. ஆனால் சனிக்கிழமை வரிசை வெளுத்தது. உங்களுக்குத்தான் அந்த வாசம் இல்லாமல் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய்ப் புகையருகே ஆசை தீர நின்றுவிட்டு வருவீர்கள். வந்ததும் பின்வாசல் வழியாக நுழைந்து, தலைக்குக் குளித்து, உடை மாற்றிய பிறகுதான் என்னைத் தொடுவீர்கள். அந்த ஈரக் கூந்தலில் வாசம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நான் சொன்னதில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

மருத்துவமனையில் கடைசியாக இருந்தபோது உங்கள் மூக்கில் குழாய். காலையில் நான் உள்ளே வந்ததும் கையை நீட்டி, "ராத்திரி இருமினியா?" என்று கேட்டீர்கள். "இல்லமா" என்றேன். முதுகைத் திருப்பச் சொன்னீர்கள். திருப்பினேன்.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, சடங்கு செய்ய வந்த ஐயா சாம்பிராணிப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் வாசல் பக்கம் நகர எழுந்துவிட்டேன். சித்திதான் தடுத்தார்.

"அது வேணாங்க ஐயா. ஊதுபத்தியும் வேணாம். அக்கா ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க."

"வழக்கம்னு ஒன்னு இருக்கேம்மா."

"வழக்கம் அவங்களுக்கும் தெரியுங்க. 'எனக்குப் புகை போட்டா என் புள்ள வெளிய போய் நிக்கணும். அவ என் பக்கத்துல நிக்கட்டும்'னாங்க."

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, விளக்கின் திரியைத் தூண்டினார். நான் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து முடியை வாரிப் பின்னினேன். உங்களை எடுக்கும்வரை அந்த இடத்தை விட்டு எழவில்லை.

இன்றும் காலையில் தலை வாரும்போது அந்தக் கேள்விகளை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். பொய் சொல்வதில்லை. அதே சுவரில் இந்த வருட நாட்காட்டி இருக்கிறது. குங்குமமும் மஞ்சளும் அங்கங்கே உண்டு.

நீங்கள் போன நாளின் கட்டத்திலும் மறுநாள் கட்டத்திலும் புள்ளி இல்லை, அம்மா. அன்று முழுக்க எனக்கு மூச்சு நன்றாகவே வந்தது.