புறாமலையின் எல்லை

உவர்மலை,
திருகோணமலை.
வைகாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் றஜிதாவுக்கு,

மாமி எழுதுவது. நீங்களும் பேத்தி தர்சிகாவும் பாரிஸில் சுகமாக இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். நாங்கள் இருக்கிறோம். தொலைபேசியில் குரல் கேட்டதும் நீங்கள் அழ, நானும் அழ, கதை ஒன்றும் நடப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

நம் பிள்ளை திலக்சனின் முதலாம் ஆண்டுத் திவசத்தைச் செவ்வாய்க்கிழமை செய்தோம். அவனுக்கு விருப்பமான கத்தரிக்காய்ப் பால்கறியும் சமைத்தேன். காகத்துக்குச் சோறு வைத்தால், ஒன்றாவது வரவேண்டுமே! மற்ற நாட்களில் குசினிக்குள்ளேயே வந்து களவெடுக்கிற சனியன்கள். மத்தியானம் வரை மதிலைப் பார்த்துக்கொண்டே நின்றோம். மாமா, "அவன் இஞ்ச இல்லையப்பா, புறாமலையிலதான் நிப்பான்" என்று சொல்லி, அந்தச் சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு நிலாவெளிக்கு வெளிக்கிட்டார். தடுக்க ஏலாது. நானும் போனேன்.

கலியாணம் முடித்து நீங்கள் இரண்டு பேரும் வந்தபோது, வெருகல் கண்டல்காட்டுக்குள் வள்ளத்தில் கூட்டிப்போய்க் கொக்குக் காட்டினானே, நினைவிருக்கிறதா? தோப்பூருக்கு அங்கால் யானை மறித்து நீங்கள் வான் வண்டிக்குள் இருந்து கத்த, அவன் சிரித்த சிரிப்பு! ஆனாலும் அவனுடைய மனம் முழுக்கக் கடலுக்குள் இருக்கிற அந்தப் புறாமலைத் தீவில்தான்.

கரையில் வனசீவராசிக் கந்தோரில் நுஸ்கி என்று ஓர் அலுவலர். பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, அது பாதுகாக்கப்பட்ட இடம், புறாவுக்கோ மீனுக்கோ ஒன்றும் போடக்கூடாது ஐயா என்றார். மாமாவுக்கு வந்ததே கோபம்! என் பிள்ளையின் சோற்றைத் தடுக்க நீ ஆர் என்று கத்தினார். அவர் எழும்பி நின்று முழுக்கக் கேட்டார். கடைசியில் மாமாவே அடங்கிவிட்டார். அங்கே மீனுக்குப் பிஸ்கட் எறிந்தவர்களோடு சண்டை பிடித்தவனல்லவா நம் பிள்ளை? சோற்றை மேசையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வள்ளம் ஏறினோம்.

மாமா நீச்சல் கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் பார்த்தார். முருகைக்கல் பவளமெல்லாம் நிறைய இடத்தில் வெளிறிச் செத்துக் கிடக்கிறதாம். இடையிடையே நிறமும் இருக்கிறதாம், குட்டிச் சுறாக்கள் ஓடுகின்றனவாம். நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் தண்ணீர். கடல்தண்ணி என்றார். நான் சேலைத் தலைப்பை நீட்டினேன்.

கரைக்கு வந்ததும் நுஸ்கியிடம், "தம்பி, உங்கட எல்லை எந்த இடத்தில முடியுது?" என்று கேட்டார். நுஸ்கி வெளியே வந்து தூரத்தில் ஓர் இடத்தைக் கையால் காட்டி, அதற்கங்கால் எல்லாரும் போற கடல்தான் ஐயா, ஆனால் நீரோட்டம் இந்தப் பக்கம்தான் இழுக்கும் என்றார். சோற்றைத் திருப்பித் தந்தார். பஸ்ஸுக்குள் இருந்து நாங்கள் இரண்டு பேருமே அதைச் சாப்பிட்டோம்.

மகள், அவனுடைய சாம்பலை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு, தர ஏலாது என்கிறீர்கள். உங்களுக்கு மிஞ்சினது அதுதான் என்று எனக்குத் தெரியாதா? பறிக்க எழுதவில்லை, அம்மா. உங்களிடமே இருக்கட்டும். ஒரு பிடி மட்டும், தர்சிகாவையும் கூட்டிக்கொண்டு, நீங்களே கொண்டு வாருங்கள். எல்லைக்கு வெளியில்தான் விடுவோம். மிச்சத் தூரத்தை அவனே போய்க்கொள்வான். அவனுக்கு வழி தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிள்ளைக்கு என் முத்தங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
மாமி
இன்பமலர்