ஏழாம் நம்பர் பதில் சொல்லவில்லை

ஓலு, அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ஹில்லாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம் என்று ஆரம்பிக்க இந்த முறை கை வரவில்லை, நான் சுகம், அவர் இல்லை, மாண்ட்ரியலில் நீயாவது நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காக உடுத்திக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். என்னோடு மணிக்கணக்கில் பேசுகிறாய், அப்பா என்று வாயெடுத்ததும் போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம், சீக்கிரம் கிடைக்கட்டும் என்று கூரியரில். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் அப்பாவைச் சுட்டுவிட்டார்கள். போன சனிக்கிழமை, புதாஸ்யார்விக் காட்டில், மூஸ் மான் வேட்டையில். குண்டு வலது தோளில் நுழைந்து எலும்பை நொறுக்கிவிட்டு முதுகுப் பக்கமாக வெளியே போயிருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய பூட்ஸுக்குள்கூட ரத்தம் உறைந்து கிடந்தது. உயிருக்குப் பயமில்லை, கை தங்குமா என்பது வியாழக்கிழமை ஆப்பரேஷனுக்குப் பிறகுதான் தெரியும். இதில் நீ எழுதிய கம்ப்யூட்டர் நிரலுக்கும் பங்கு இருக்கிறது, அதனால் பொறுமையாக முழுக்கப் படி.

நான் புது வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும், மரக் கம்பெனிகளின் காட்டுப் படங்களைச் சேமித்து வைக்கிற சின்ன அலுவலகம். படங்கள் ஒரே கம்ப்யூட்டரில் இல்லை, துண்டு துண்டாகப் பல கம்ப்யூட்டர்களில் பரவிக் கிடக்கின்றன, அவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி ஆளுகிற நிரல், நீ கூட்டாளிகளோடு எழுதி ஊருக்கே இலவசமாகத் திறந்துவிட்டதுதான். பெற்ற பெண் எழுதியதை வரி வரியாகப் படித்துத்தான் பிழைக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். ஒரு கோப்பு எந்த வழியாக உள்ளே வருகிறது, எங்கே துண்டாகிறது, எங்கெங்கே நகலாகிறது என்று திரையில் விரல் வைத்துப் பின்னாலேயே போனேன், எங்கும் வழி தவறவில்லை. ஆனால் என்ன வாய் உனக்கு! எந்தப் பக்கம் திரும்பினாலும் கொல், வெட்டு, அநாதை, பிணம். கேட்டால் தொழில் பாஷை என்பாய். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மற்றவற்றிடம் இருக்கேன், இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், ஒன்று வாயை மூடிவிட்டால் அதன் மின்சாரத்தைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது அரை உயிரோடு எழுந்துவந்து மற்றவை எழுதியதன்மேல் கிறுக்கிவிடும். நியாயம்தான். அந்தக் கட்டளைக்கு நீ வைத்த பெயர் சுடு. அதற்குமேல் நம் பாஷையில் ஒரு குறிப்பு வேறு: பதில் சொல்லாதவன் செத்தவன், சந்தேகமிருந்தால் சுடு. எப்போது எழுதியது என்று பார்த்தேன். ஏரிக்கரை வீட்டுச் சண்டைக்கு அடுத்த வாரம்.

அந்தச் சண்டை என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. கனடா வேலைக்குப் போகிறேன் என்றாய், அவர் குடித்துவிட்டு உன் லேப்டாப்பை ஏரியில் வீசினார், நீ விறகுக் கட்டையை எடுத்து அவர் நெற்றியில் போட்டாய். அவர் கண்ணில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தபோது, எனக்கு அப்பன் செத்தாச்சுன்னு கத்திவிட்டு பஸ் ஏறினாய். அவரும் சளைத்தவரா, எனக்கும் பொண்ணு கிண்ணு யாரும் இல்லன்னார். அன்றோடு இரண்டு பக்கமும் பேச்சு நின்றுபோயிற்று.

சனிக்கிழமை அலுவலகத்தில் நான் ஒருத்திதான். எங்கள் தலைவன் பெர்த்தி வேட்டைக் கூட்டத்துக்கும் தலைவன், காட்டில் இருந்தான். எங்கள் ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர் திடீரென்று வாயை மூடிக்கொண்டது. நான் புது ஆள் என்பதால் அவனைக் கேட்காமல் சுடக் கூடாது, அதனால் போன் போட்டு ஏழு பதில் சொல்லவில்லை என்றேன். அந்த மடையன் ஒரு காதில் போனும் இன்னொரு கையில் வாக்கி டாக்கியுமாக நின்று, வாக்கி டாக்கியின் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே, என்னத்துக்கு யோசிக்கிற, ஏழாம் நம்பரச் சுடு, சுட்டுத் தள்ளு என்று கத்தினான். வேட்டையில் ஆள் நிற்கிற இடத்துக்கும் நம்பர் உண்டு. ஏழில் நின்றது உன் அப்பா. ஆறில் ரெய்யோ, இந்த வருஷம்தான் துப்பாக்கி பிடித்தவன். ஏழு பக்கம் மான் ஓடுகிறது, தலைவர் சுடச் சொல்கிறார் என்று எண்ணி, பனிமூட்டத்தில் அசைந்ததைப் பார்த்துச் சுட்டுவிட்டான். வெடிச் சத்தம் என் போனிலேயே கேட்டது. பிறகு ஓர் அலறல். மாட்டுக் குரல் மாதிரி இருந்தது, ஆனால் அது யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ரெய்யோ பெர்த்தியின் மூக்கை உடைத்தான். நீதானே சுடச் சொன்ன என்று அவன், நான் கம்ப்யூட்டரச் சொன்னேன்டா நாயேன்னு இவன், வாயெல்லாம் ரத்தம். போலீஸ்காரி என்னிடம், கம்ப்யூட்டர எதுக்கும்மா சுடுவீங்க என்று கேட்டாள். போனிலேயே உன் நிரலைத் திறந்து விளக்கினேன். இப்படியெல்லாமா பேர் வைப்பீங்க, கொலகாரப் பசங்க என்றாள். என் மகள் வைத்த பேர் என்று எப்படிச் சொல்வது.

அந்தக் களேபரத்தில் ஏழாம் நம்பரை யாரும் சுடவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. சாகவே இல்லை, இடையில் ஒரு கம்பி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு வந்த புதுப் படங்கள் நகலாகாமல் அதனிடம் மட்டும்தான் இருந்தன, சுட்டிருந்தால் அவையும் போயிருக்கும்.

உன் அப்பா வலி மருந்து மயக்கத்தில், ஹில்லா கூப்ட்டாளா, ஹில்லா கூப்ட்டாளான்னு உளறுகிறார். தெளிந்தபின் சொன்னால், நானா, நான் கேக்கவே இல்லியேன்னு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உங்கள் இரண்டு மண்டையையும் பிடித்து ஒன்றோடொன்று மோதலாமா என்று எனக்கு ஆத்திரம் பொங்குகிறது, அப்புறம் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வருகிறேன்.

உன் நிரலில் ஒரு திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறேன், நீ ஒப்புக்கொண்டால்தான் சேரும். சுடுவதற்கு முன் மூன்றாவது ஒரு கம்ப்யூட்டரிடம், உனக்காவது அது பதில் சொல்கிறதா என்று கேட்க வேண்டும். சொல்கிறது என்றால் சுடக் கூடாது, அறுந்தது கம்பிதான், ஆள் இருக்கிறான். தப்பாக எழுதியிருந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

கடவுள் உன்னைக் கண்போலக் காக்கட்டும், போன இடத்தில் உன் பேர் விளங்கட்டும். மறந்துவிடாதே, வியாழன் காலையில் அவரை உள்ளே கொண்டுபோகிறார்கள், அதுவரை போன் அவருடைய இடது கைப் பக்கம் இருக்கும். உனக்கு அவர் செத்திருக்கலாம், அவருக்கு நீ செத்திருக்கலாம். எனக்கு நீங்கள் இரண்டு பேருமே பதில் சொல்கிறீர்கள்.

இப்படிக்கு,
அந்த மூன்றாவது ஆள்,
அம்மா ரைலி