எதிர்க்கடைத் தகரம்

பங்குனி 18, செவ்வாய்

காலையிலேயே காந்தல். தெற்கிலிருந்து சுழற்காற்று. காயப்போட்ட பாயெல்லாம் புழுதி. மறுபடியும் உதறல். பூனை, அம்மாபேட்டை நூல் வியாபாரியின் துணி மூட்டைக்குள் குட்டி போட்டுவிட்டது. நல்ல மனிதர். "கெடக்கட்டுமுங்க, பச்ச உடம்பு. அடுத்த நடை வாரப்ப எடுத்துக்கறேன்" என்று மூட்டையை விட்டுவிட்டே போனார்.

ஆட்டுக்குத் தழை. படுக்கைக்குப் புது வைக்கோல். இட்லிக்கு ஊறவைக்க.

கருப்பன் இன்றும் சாலையைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனான். எலும்பு போடுகிறார்களாம். சங்கில் பால் ஊட்டி நான் வளர்த்த நாய்!

எதிர்க்கடைக்காரர் என்று நான் எழுதுவது என் புருஷனை. பெயரை எழுதினால் மை வீண். அப்பா எனக்கு எழுதிவைத்த இந்த வீட்டில், வருகிறவர் போகிறவருக்குப் படுக்கையும் பலகாரமும் நான் பார்க்க, கல்லாவில் அவர் உட்கார்ந்திருந்தார். இப்போது இன்னொருத்தியோடு, தகரக் கூரை போட்டு, காப்பி கிளப். நேர் எதிரே! வெண்ணந்தூர்ச் சாலையில் வேறு இடமே இல்லை போல.

பங்குனி 20, வியாழன்

மேகம் கூடிக் கலைந்தது. புழுக்கம். தங்கியவர் இரண்டு பேர், இருவரும் காலைப் பலகாரத்துக்கு எதிரே போனார்கள். மிஞ்சிய இட்லியை ஆடு தின்று வயிறு உப்பிக் கத்தியது. ஓம வெந்நீர் கொடுத்தேன்.

கிணற்றடியில் வண்டிக்காரர்கள்: "அம்மிணி ஊட்ல படுக்கை, ஐயன் கடையில காப்பி. ரெண்டும் ஒரே குடும்பந்தானுங்க." சிரிப்பு வேறு.

ஒரே குடும்பமா? மாரியாத்தாளிடம் வேண்டிக்கொண்டேன். விளைச்சல் வேண்டாம், வரும்படி வேண்டாம், அந்தத் தகரம் பறக்க வேண்டும். பறந்தால் கூழ் ஊற்றுகிறேன். அடுப்படி வேலை செய்யும் பாவாயி காதில் விழுந்துவிட்டது. "ஏனுங்கக்கா, சாமிகிட்ட இப்படியெல்லாமா கேப்பாங்க?"

கேட்பேன்.

பங்குனி 23, ஞாயிறு

பறந்தது!

பிற்பகல் திடீரென இருட்டி ஆலங்கட்டி மழை. பேய்க்காற்று. தகரம் அப்படியே எழும்பிச் சோளக்காட்டில் மடங்கி விழுந்தது. யாருக்கும் அடியில்லை. அதையும் சேர்த்து வேண்டிக்கொள்ள மறந்துவிட்டேன். என் கூரையிலும் சில ஓடு உடைந்தது. உடையட்டும்.

எதிரே காப்பி குடித்தவர்கள் எல்லாம் நனைந்துபோய் என் வாசலில். சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்தேன். கருப்பனும் வாலை இடுக்கிக்கொண்டு வந்தான். "போடா, எலும்பு போட்ட எடத்துக்கு." கொஞ்ச நேரம் நனைய விட்டேன். பிறகு சாக்கால் துடைத்தேன்.

பங்குனி 24, திங்கள்

மழை விட்டு வெக்கை. மதியப் பந்தி நேரத்தில் எதிர்க்கடைக்காரர் வந்து நின்றார். அந்த இன்னொருத்தி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

"ஏ புள்ள, ஒரே குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு அடுப்பு? கல்லாவ நானு பாத்துக்கறேன். நீ உள்ள இரு."

நீ உள்ளே இரு! என் வீட்டில்!

"புருசனே வந்துட்டாரு, இனி என்ன கொறை அம்மிணி?" என்றார் வண்டிக்கார மாரப்பன். பந்தியே தலையாட்டியது. இந்த மனிதர் ஒரு ராத்திரி உள்ளே படுத்தால் போதும், ஊரே கூடிக் கல்லாவில் உட்கார வைத்துவிடும்.

"மொதல்ல சாப்புடுங்க" என்று இலை போட்டேன்.

சாப்பிட்டு எழுந்தார். இலையை மடிக்கவில்லை. ஓரத்தில் ஒரு கை மோர்ச்சோறு, முழு மாவடு ஒன்று. பெண்டாட்டிக்கென்று புருஷன் விட்டுவைப்பது. கல்யாணமான நாள் முதல் அவர் எழுந்த இலையில்தான் எனக்குச் சோறு. இன்று நான் அதில் உட்கார்ந்தால் சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

எனக்கு மாவடு பிடிக்கும் என்பதை மறக்கவில்லை. ஞாபகம் இருந்தும்தானே போனார்?

இலையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் கருப்பன் முன்னால் வைத்தேன். "தின்னுடா சாமி. அவரு போட்ட சோறு உனக்குத்தான் பழக்கம்." நக்கித் தீர்த்தான். மாவடுவை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கினான். அதையும் இலையையும் ஆடு தின்றது.

பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கை கழுவாமலே படி இறங்கினார்.

பங்குனி 25, செவ்வாய்

பளிச்சென்று வெயில். கூழுக்குக் கம்பு இடிக்க வேண்டும், வேண்டுதல் பாக்கி வைக்கக் கூடாது. ஓடு மாற்ற ஆள். பூனைக்குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

எதிரே மடங்கிய தகரத்தை வண்டியில் ஏற்றுகிறார். ராசிபுரம் பக்கம் போகிறாராம். கதவை அகலத் திறந்து, சாலையைப் பார்த்து இலை போட்டு உட்கார்ந்தேன். புது இலை, விருந்தாளிகளுக்கும் முந்தி. மாவடு மூன்று. கடைசித் தகரம் ஏறும்வரை மெதுவாகச் சாப்பிட்டேன். வண்டி என் வாசலைத் தாண்டும்போது, இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றச் சொன்னேன்.