பாதிக்குப் பாதி

வால்வு நிலையம், நிலவின் தென்முனை
பதிபவர்: இசக்கியம்மாள்

முதல் நாள், 06:10
அழுத்தம் சரி. குழாய் வெப்பம் சரி. இங்கே இருப்பது நானும் சூசையப்பன் அண்ணனும்தான். பள்ளத்துப் பனிக்கட்டியை உருக்கி ஆதிகுடி, புதுக்குடி என்ற இரண்டு குடியிருப்புகளுக்கும் தண்ணீர் அனுப்புகிறோம். யாருக்கு எவ்வளவு என்று ஓயாத சண்டை. நாளை ஒப்பந்தத்தில் கையெழுத்து: பாதிக்குப் பாதி, வால்வு எங்கள் இருவர் பொறுப்பில். அதற்காக அண்ணன் சவரம்கூடச் செய்துகொண்டார்.

இரண்டாம் நாள், 11:40
கையெழுத்து நின்றுபோனது. ஆதிகுடித் தலைவர் நல்லபெருமாள் அழைத்தார்.
“யக்கா, பங்குல ஒரு குறையும் இல்ல. ஆனா அடுத்த வருசம் புதுக்குடிக்கு அணு உலை வந்துரும். அப்புறம் அவங்க கை ஓங்கிரும். ஒப்பந்தத்தக் கிழிச்சுப் போட்டா நாங்க யார்கிட்ட போய் நிக்க? அடிச்சா இப்பவே அடிக்கணும்.”
அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

13:05
உலையை ஐந்து வருடம் தள்ளிப்போடும்படி புதுக்குடித் தலைவி எஸ்தர்மணியிடம் கெஞ்சினேன்.
“தள்ளிப்போட்டா எங்க சனமே என்னைய நாற்காலில இருந்து இறக்கிரும். அவரு சும்மா மிரட்டுதாரு. அடிக்க மாட்டாரு, பாருங்க.”
ஊர் எக்கேடு கெட்டாலும் நாற்காலி பிழைக்க வேண்டும். த்தூ.

நான்காம் நாள், 09:20
ஆதிகுடி அடித்துவிட்டது. புதுக்குடி திருப்பி அடித்த ஏவுகணை பள்ளத்திலேயே விழுந்தது. பனிக்கட்டி ஆவியாகிறது. எதற்காக அடித்துக்கொள்கிறார்களோ அதையே அழிக்கிறார்கள், மூதேவிகள். தண்ணீர் வீணாகாமல் இருக்க, வால்வைக் கையால் மூட அண்ணன் போயிருக்கிறார்.

09:50
வால்வு மூடிவிட்டது. அந்த அறையில் காற்று இல்லை என்கிறது கருவி. கூப்பிடுகிறேன். பதில் இல்லை. அண்ணே.

பன்னிரண்டாம் நாள், 16:00
போர் நின்றது. புதுக்குடி கட்டிக்கொண்டிருந்த உலை நொறுங்கியது. ஆதிகுடியிடம் ஏவுகணை தீர்ந்தது. இனி ஒருவருக்கொருவர் பயமில்லையாம். பள்ளத்தில் பாதிப் பனிதான் மிச்சம். தலைவர்கள் இருவரும் ஒரே இணைப்பில் வந்தார்கள்.
“யக்கா, பழைய ஒப்பந்தமே போதும். பாதிக்குப் பாதி.”
“ஆமா. வால்வ நீங்க ரெண்டு பேருமே பாத்துக்கிடுங்க. சூசையப்பன் அண்ணனுக்குச் சம்மதமானு கேட்டுச் சொல்லுங்க.”
இரு பக்கமும் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டேன்.
“அதெல்லாம் பெறவு பேசிக்கிடலாம்” என்றார்கள்.

16:25
வால்வு அறைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறேன். அண்ணனின் உறைந்த கை இன்னும் வால்வுச் சக்கரத்தை விடவில்லை. ஒலிவாங்கியை அவர் பக்கமாகப் பிடித்திருக்கிறேன்.
பாவிகள், இருவரும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.