தழும்பில்லாத வேணி

23 பிப்ரவரி 2026, திங்கள்

இன்று மட்டும் நாற்பத்தோரு போன். தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் எங்கள் திருமணத் தகவல் மையத்தை இப்போதே சரிசெய்துவிட வேண்டும் என்கிறார் முதலாளி தமிழ்மணி சார். பதிவில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் நேராகச் சம்மதம் கேட்க வேண்டும். பெற்றோரிடம் அல்ல, அவரவரிடமே.

"நான் அப்பாங்க. நான் சொன்னா பத்தாதா?"

"பத்தாதுங்க. பொண்ணுகிட்ட போனைக் குடுங்க."

ஒரு பெண் பேசவேயில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "என்கிட்டயா கேக்குறீங்க?" என்றாள். பஸ் காவிரிப் பாலம் ஏறும்போதும் அந்த மூச்சு காதிலேயே இருந்தது. ஆற்றில் தண்ணீர் வற்றி, மணல்திட்டுகள் படுத்துத் தூங்குவதுபோல் கிடந்தன.

24 பிப்ரவரி, செவ்வாய்

இன்றைய பட்டியலில் என் பெயர். வெ. வேணி, 36, ஸ்ரீரங்கம். பதிவு செய்தவர்: தந்தை வெள்ளைச்சாமி, பொன்மலை ரயில்வே பணிமனை, ஓய்வு. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஊழியர் வீட்டுக்கு இலவசம் என்று அப்பா பதிந்தது. எப்போதோ எடுத்துவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தேன்?

பதிவைத் திறந்தேன். படத்தில் யாரோ ஒருத்தி சிரித்தாள். என் கண், என் மூக்குத்தி. ஏழு வயதில் சுடுதண்ணீர் கொட்டிய இடது கன்னத்துத் தழும்பு மட்டும் இல்லை. அந்த இடத்தில் வழவழவென்று ஒரு வெளிச்சம். கீழே, "நான் மென்மையானவள். பூக்கள் பிடிக்கும்." நான் எழுதியதில்லை. எங்கள் மையத்தின் ஏஐ மென்பொருள் எழுதியது. படத்தை மெழுகியதும் அதுதான். கணினி மாற்றிய படம் என்றால் அப்படிக் குறிப்பிட வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது.

கோபம் வரவில்லை. அழகாகத்தான் இருந்தாள்.

25 பிப்ரவரி, புதன்

படத்திலிருந்தவள் கனவில் வந்தாள். காவிரியின் அம்மா மண்டபப் படித்துறையில் தண்ணீருக்குள் கால் விட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

26 பிப்ரவரி, வியாழன்

காலையில் அப்பா: "ஞாயித்துக்கிழமை அரியமங்கலத்துலேருந்து வர்றாங்க. பையன் பேரு முருகானந்தம். லேத் பட்டறை வச்சிருக்காரு. உன் போட்டோ ரொம்பப் பிடிச்சிருக்காம்."

"அது நான் இல்லப்பா."

"நீதான். தழும்பு மட்டும்தான் இல்ல. நேர்ல பாத்தா அது ஒண்ணும் பெருசாத் தெரியாது."

பெருசாத் தெரியாதாம். இருபத்தொம்பது வருஷமா கண்ணாடி பாக்குறவ நான். எனக்குத் தெரியாதா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா — கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவேன்னு தெரியும், அதான் கேக்கல.

இதில் எதையும் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

27 பிப்ரவரி, வெள்ளி

என் பதிவை நீக்க வேண்டும் என்று சாரிடம் சொன்னேன்.

"உங்கப்பா போட்டதும்மா. அவர் சொல்லணுமே?"

"எனக்கு முப்பத்தாறு வயசு சார். நாலு நாளா ஊர்ல எல்லாருக்கும் போன்ல இதத்தான் சொல்லிட்டிருக்கேன்."

சார் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "நீயே எடுத்துடும்மா. மாத்தின படம் எல்லாத்துலயும் குறிப்பு போட்டுடு" என்றார்.

எடுத்தேன். திரை ஒரு நொடி வெளுத்தது. யாரையோ ரயிலேற்றிவிட்டு நிற்பது போல இருந்தது.

அப்பா வீட்டுக் காலண்டரில் குறித்து வைத்திருந்த முருகானந்தத்தின் எண்ணை எழுதி எடுத்து வந்திருந்தேன். ஆபீஸ் போனிலிருந்து பேசினேன். "நான் வேணிங்க. நீங்க பாத்த படம் கம்ப்யூட்டர் சரிபண்ணினது. என் கன்னத்துல பெரிய தழும்பு இருக்கு. படம் இருந்ததே எனக்குத் தெரியாது."

போனில் அவருக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் சுற்றி ஓய்ந்தது.

"என் படத்துல இருக்குற முடி என்னுது இல்லைங்க" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்றேன். "சரிங்க" என்றார்.

1 மார்ச், ஞாயிறு

யாரும் வரவில்லை. வேண்டாம் என்று நான் சொன்னதை அறிந்த அப்பா, தனியாகச் சாப்பிட்டு எழுந்தார்.

8 மார்ச், ஞாயிறு

அப்பா: "அந்தப் படத்த நான் பண்ணச் சொல்லலம்மா. போட்டோ போட்டப்ப கம்ப்யூட்டர் அதுவா பண்ணிக் காமிச்சுது. நல்லாருக்கேன்னு விட்டுட்டேன்." பிறகு, என்னைப் பார்க்காமல், "தப்புதான்."

19 ஏப்ரல், ஞாயிறு

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா போனோடு வந்து நின்றார்.

"அரியமங்கலத்துலேருந்து அந்த முருகானந்தம். உன் நம்பர் கேக்குறாரு. குடுக்கலாமா?"

"குடுங்கப்பா" என்று சொல்லச் சற்று நேரம் எடுத்துக்கொண்டேன். அதுவரை அப்பா போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு காத்து நின்றிருந்தார்.