கணியம் இருந்த இடத்தில்

என் மாமன் மகனே, மச்சான் சூசை,

இது நான் உனக்குப் போடும் முதல் கடிதம். கைநாட்டுக்காரனுக்கு ஏது எழுத்து என்று சிரிப்பாய். நான் பேசுகிறேன், உன் மகள் பிலோமி உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறாள். நடுவில் பேனாவை நிறுத்தி, "மாமா, இதையும் எழுதணுமா?" என்கிறாள். எழுதும்மா என்கிறேன். இது உனக்கு மட்டும் எழுதும் கடிதமாக இருந்தால் கல்லறையில் வந்து காதோடு சொல்லிவிட்டுப் போயிருப்பேன். நம் தெருவும் கேட்கவேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. தெரசாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. நன்றாகத் தெரிகிறது. உன் பெண்டாட்டி இப்போது நீ எழுதின கடல் புத்தகத்தைப் படிக்கிறாள் மச்சான்! நீ இருந்தவரை ஒரு பக்கம் புரட்டாதவள், போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தள்ளித் தள்ளிப் படிக்கிறாள். "இவரு இவ்வளவு பேசுவாராண்ணே? எங்கிட்ட பேசினதே இல்லயே" என்கிறாள்.

போனில் என்றதும் உன் முகம் மாறியிருக்கும். ஆமாம், உன் வருஷப் பூசை முடிந்ததும் உன் புத்தகத்தை மின்னூலாகப் போட்டுவிட்டோம். நீ வேண்டாம் என்று சொன்னதைச் செய்துவிட்டோம்.

நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. பிலோமி உன்னிடம் கேட்டபோது நானும் அங்கேதான் இருந்தேன். "யப்பா, மின்னூலாப் போட்டா கப்பல்ல கெடக்கவனும் படிப்பான்" என்றாள். நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஏளா, புஸ்தகம்னா கையில கனக்கணும். சார்ஜு போனா அணைஞ்சி போறதுக்கு அது என்ன டார்ச்லைட்டா?" என்றாய். நான்தான் உனக்கு ஒத்து ஊதிச் சிரித்தேன்.

அச்சகத்திலிருந்து வந்த கட்டுகள் உன் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். உப்புக் காற்று ஏறக்கூடாது என்று பாலிதீன் உறை போட்டு வைத்தாய். கல்யாண வீட்டுக்குப் போனால் மொய்யோடு ஒரு புத்தகம். வாங்கினவர்கள் அதை ஷோகேஸில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் நீ கேட்பாய்: "ஏலே, படிச்சியா?" அவர்கள் சொல்வார்கள்: "படிக்கணும் அண்ணாச்சி." அந்தப் 'படிக்கணும்' உன் முகத்தை என்ன செய்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். எழுதினவனுக்கு அதைவிட ஒரு பட்டினி உண்டா?

எனக்கும் ஒரு புத்தகம் கொடுத்தாய். என் விரலைப் பிடித்து என் பெயர் இருந்த இடத்தில் வைத்தாய். அந்த இடம் மட்டும் எனக்குத் தெரியும். வாசித்துக் காட்டுகிறேன் என்று நீ வருவாய். இரண்டாம் பக்கத்திலேயே நான் குறட்டை விட்டிருப்பேன்.

மின்னூல் போடும் முன் பிலோமி என்னிடம்தான் வந்தாள். புத்தகத்தில் பாதி என் பேச்சு, அதனால் என் சம்மதம் வேண்டுமாம். "உங்கப்பன் வேண்டாம்னாம்லா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் கேட்டது வேறு. "அது வாசிச்சுக் காட்டுமாம்மா?" காட்டும் மாமா என்றாள். அவ்வளவுதான் மச்சான், நான் விழுந்துவிட்டேன்.

ரயிலடியில் வண்டி வருகிறது என்று சொல்லுமே, அதுபோல ஒரு பெண் குரல். நான் உன்னிடம் திட்டிச் சொன்னதையெல்லாம் அந்தக் குரல் அத்தனை மரியாதையாகச் சொல்கிறது. முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு முழுவதும் கேட்டேன், திரும்பவும் கேட்டேன். நீ வாசிக்க வந்தபோது தூங்கினவன் இதற்குக் கண்ணை மூடவில்லை. என் தம்பி கடலோடு போன பக்கம் வந்தது. நீயாக இருந்தால் அங்கே கொஞ்சம் நிறுத்தியிருப்பாய். அது நிறுத்தவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டது.

நல்லதையும் சொல்லவேண்டும். நம் தெரு கஸ்பாரின் மகன் எந்தக் கடலிலோ கப்பலில் இருந்து கேட்டுவிட்டு, அவன் பாட்டையா பேர் அதில் வருகிறது என்று அப்பனுக்கு போன் போட்டு அழுதானாம். முகம் தெரியாதவர்கள் பிலோமிக்கு எழுதுகிறார்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்தபோது ஒருவரும் உன்னிடம் கேட்காத கேள்வியெல்லாம் கேட்கிறார்கள். பதில் சொல்ல நீ இல்லை.

இப்போது கணியத்துக்கு வருகிறேன். கரையில் இருந்து படிக்கிறவர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். மீன் அங்கேதான் அடையும். நடுக்கடலில் அதைக் கண்டுபிடிக்க, கரையில் தெரியும் ஒரு அடையாளத்தின் மேல் இன்னொன்றை நேராக நிறுத்தவேண்டும். வேறொரு பக்கமும் அப்படியே ஒரு சோடி. இரண்டு நேரும் சேருகிற இடத்தில் நங்கூரக் கல்லைப் போட்டால் கீழே பார். அந்த அடையாளக் கணக்குதான் கணியம். எங்கள் தெரு வள்ளங்களுக்கென்று மூன்று சின்னப் பார் உண்டு. அவற்றின் கணியத்தைக் கரையில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கடலில், வள்ளத்தில் இருந்து, கையைக் காட்டித்தான் சொல்லவேண்டும். கரையில் சொன்னால் காற்று எடுத்துப் போய்விடும் என்பார்கள்.

மூன்றையும் உனக்கு நான் கரையில் வைத்துத்தான் சொன்னேன். வேறென்ன செய்ய? பரவர் குலத்தில் பிறந்து, துறைமுக ஆபீசில் பேனா பிடித்து, வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி எடுக்கிற ஒரே ஆள் நீ. ஊர்க் கட்டுப்பாட்டை மீறுகிறோமே என்று எனக்கு உறுத்தவில்லை. எழுத்து எனக்குப் பூட்டின பெட்டி. பெட்டிக்குள் போட்டுப் பூட்டுகிறான், இதைவிடப் பத்திரம் எது என்று நினைத்தேன். நீயும் சிரித்துக்கொண்டு சொன்னாய்: "மச்சான், படிக்கிறவன் கடலுக்குப் போவமாட்டான். கடலுக்குப் போறவன் படிக்கமாட்டான். பயப்படாத."

காகிதத்தில் இருந்தவரை நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது. எந்த வள்ளமும் புத்தகத்தைப் பார்த்து வரவில்லை. புத்தகம் பேசும் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அதைக் கடலுக்குப் போகிறவர்கள் நடுவில் கொண்டுபோய்ப் பேசவைத்தவன் நான். வலை பின்னும் கூடத்தில், ஒரு ஸ்பீக்கரில் மாட்டி, சத்தமாக. என் பேர் வருகிற பக்கமாகப் பார்த்துப் போடச் சொன்னேன். "ஏலே, கேளுங்கலே, இது நான் சொன்னது" என்று நடுநடுவே கத்தவும் செய்தேன். கணியம் வந்த இடத்தில் அதை நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. என் குரலுக்கு இத்தனை பேர் காது கொடுத்து நான் பார்த்ததில்லை மச்சான்.

இன்ஜின் ரிப்பேருக்காக நம் கரையில் படகை இழுத்துப் போட்டிருந்த ஒரு வெளியூர்க்காரர் அங்கே உட்கார்ந்திருந்தார். "பெரியவரே, இது எந்தப் புஸ்தகம்?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அவருடைய போனிலும் அதை ஏற்றிக் கொடுக்கச் சொல்லி நம் பையன்களை ஏவினேன்.

கொஞ்ச நாள் கழித்து அவர் ஒரு களவா மீனைக் கம்பியில் கோத்துக்கொண்டு வீடு தேடி வந்தார். "உங்க புஸ்தகத்துக்குப் புண்ணியமாப் போச்சு பெரியவரே" என்றார். புத்தகத்தைப் பாராட்டுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். உன் எழுத்துக்கு ஒரு மீன் மரியாதை வந்திருக்கிறதே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாங்கினேன். மருமகள் குழம்பு வைத்தாள்.

சாயங்காலம் என் மகன் சவரி கடலிலிருந்து வெறும் கையோடு வந்தான். சட்டிக்கு வெளியே கிடந்த மீன் தலையைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"யப்பா, இது ஏது?"

"ஒரு வெளியூர்க்காரர் குடுத்தாரு. சூசை மாமா புஸ்தகத்தக் கேட்டுச் சந்தோசப்பட்டுக் கொண்டாந்தாரு."

தலையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். நம் பார்க் களவாவின் தோல் மற்றதைவிடக் கறுத்திருக்கும், உனக்கே சொல்லியிருக்கிறேன்.

"இது நம்ம பாரு மீனுப்பா. அங்கன ரெண்டு படகு நிக்கி. நான் பாத்துட்டுத்தான் வாரேன். எப்படிக் கண்டுபிடிச்சானுவன்னு வழியெல்லாம் யோசிச்சிட்டு வந்தேன்."

என்னை ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். கையைக் கழுவிவிட்டு மோரை ஊற்றிச் சாப்பிட்டான். அந்தக் குழம்பை நானும் தொடவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் இது என் வீட்டுக்குள் முடிந்திருக்கும். தெருவுக்குச் செய்தி வேறு விதமாகப் போனது. வலைக் கூடத்தில் கஸ்பார்தான் ஆரம்பித்தான்.

"செத்தவன் சும்மா சாவல. நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டுப் போயிருக்கான். வாந்தி எடுக்கவனுக்குப் பாரப் பத்தி என்னலே பேச்சு?"

"படிச்ச புத்தி" என்றான் இன்னொருவன். "பேர் வாங்கணும்லா."

மகன் அழுததைச் சொல்லிச் சொல்லிப் பூரித்த அதே கஸ்பார்தான். என் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, நீரு அவன்கூடவே இருந்தீரே. கத சொன்னது நீரு, சரி. கணியத்த உமக்கே தெரியாம எப்படி எழுதினான்?"

நான் வலை ஊசியையே பார்த்துக்கொண்டு, "நான் என்னத்தக் கண்டேன்" என்றேன்.

ஆண்டவரைத் தெரியாது என்றவனுக்குக் கூவின சேவல்தான் எனக்குக் கூவவில்லை மச்சான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், தெரசாவிடம் நின்று பேசுகிற பெண்கள் ஒருத்தியும் நிற்கவில்லை. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தாள். "அண்ணே, அவரு என்ன தப்பு செஞ்சாரு? நான் அந்தப் பக்கத்த மூணுதரம் படிச்சிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியலயே." கண் தெரிய ஆரம்பித்ததும் அவள் பார்த்தது இதைத்தான். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்தேன்.

மறுநாள் பிலோமியிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தப் பக்கத்த எடுத்துரலாம் மாமா. ஒரு நிமிச வேலைதான்" என்றாள். அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சகத்துக்காரன் உன் வாக்கியம் ஒன்றைச் சுருக்கினான் என்று நீ வெயிலில் சைக்கிள் மிதித்துப்போய்ச் சண்டை போட்டாயே. காகிதத்தில் ஏறினபிறகு செத்தவன் சொன்னது சொன்னபடி கிடக்கும், ஒருத்தன் கை வைக்க முடியாது. இதில் உன் மகளும் நானும் உட்கார்ந்து உன் வரியை அழிக்கிறோம். நீ எழுந்து வந்து தடுக்கமாட்டாய் என்ற தைரியத்தில்தானே?

"எடுத்தாலும் எல்லாம் போயிராது மாமா. இறக்கி வச்சவங்க போன்ல பழசு இருக்கும்" என்றும் சொன்னாள். தெரியும். அந்தப் பாருக்கு வந்தவன் இனி வராமல் இருக்கமாட்டான். ஆனாலும் மிச்சம் இரண்டு பாரில் இதுவரை நம் தெரு வள்ளம் தவிர வேறு நிழல் விழவில்லை. அதற்காக எடுத்துவிடு என்றேன். அவள் கை உடனே போகவில்லை. உன் படத்தைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள். அந்தப் பாவத்தில் அவளுக்குப் பங்கில்லை.

ஒன்று கேட்கவேண்டும். 'கையில கனக்கணும்' என்று நீ மின்னூலை மறுத்தது வேடிக்கைக்குத்தானா? இல்லை, என் கணியத்தை மனதில் வைத்துச் சொன்னாயா? அப்படியானால் என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே. சொன்னால் என் பேர் வருகிற பக்கத்துக்கு நான் ஏங்கிப்போவேன் என்று விட்டுவிட்டாயா?

எடுத்த இடத்தை வெறுமையாக விடவா என்று பிலோமி கேட்டாள். வெறுமையாக விட்டால், எதையோ மறைக்கிறார்கள் என்று பழி மறுபடியும் உன்மேல்தான் வரும். அதனால் இந்தக் கடிதத்தை அங்கே போடச் சொல்லியிருக்கிறேன். உன் புத்தகத்துக்குள் நான் கேட்காமல் நுழைவதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். அச்சுப் புத்தகங்களை ஒன்றும் செய்யமாட்டேன். அவை நீ சொன்னபடியே கிடக்கட்டும்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் ஊர் கூடுகிறது. அங்கே போனைப் பேச விடப்போவதில்லை. என் வாயால் சொல்வேன். கணியத்தைக் கரையில் வைத்துச் சொன்னவன் நான். அதை ஊர் கேட்கச் சத்தமாகப் போட்டவன் நான். கேட்டபோது தெரியாது என்றவனும் நான். சூசை என்னை நம்பி எழுதினான். ஊர் எனக்கு என்ன கட்டுப்பாடு விதித்தாலும் ஏற்றுக்கொள்வேன். தெரசாவை என் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். "நான் ஏன் அண்ணே அங்கன?" என்றாள். யாரிடம் திரும்ப வந்து பேசவேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியவேண்டாமா? அவர்கள் அவளிடம் பேசுகிறவரை நான் வாசலைவிட்டு நகரமாட்டேன். இது உனக்கு என் சத்தியம்.

நீ இன்னும் மச்சான் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் காத்திருக்கும்,
உன் அத்தை மகன்
மிக்கேல்