சர்தார் கட்டிவிட்ட தலைப்பாகை

டில்லி, 28-11-1947

கண்ணியமிக்க அத்தா அவர்களுக்கு, மகன் சம்சுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

சுதந்திர சர்க்காரின் முதல் பட்ஜெட் புத்தகத்தை எங்கள் அச்சுக்கூடத்தில்தான் தைத்தோம். வெளிதேசங்களில் தானியம் வாங்க, பட்டாளத்துக்கு, அகதிகளுக்குச் சோறு போட என்று எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் துடைத்துவிட்டுப் போன வீட்டில் இவ்வளவும் செய்கிறார்களே என்று மலைத்துப்போனேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் ஹர்னாம் சிங் என்ற சீக்கிய சர்தார், லாகூர் கலவரத்தில் வீட்டையும் அண்ணனையும் பறிகொடுத்து வந்த அகதி. முந்தாநாள் நாங்கள் வேலை முடிந்து கிளம்பியபோது, தெருமுனையில் சிலர் தடியோடு நின்று போகிறவர்களிடம் பெயர் கேட்டார்கள். சர்தார் தன் மாற்றுத் தலைப்பாகையை எடுத்து என் தலையில் கட்டிவிட்டார். தாடிதான் ஏற்கெனவே இருக்கிறதே! அவர் கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை போல நடந்து வந்தேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

என்னை பஸ் ஏற்றிவிடும்போது, "ஏலே, அங்கன நமக்குன்னு யாரு இருக்காக?" என்று கேட்டீர்கள்.

குளிர் அதிகம். அம்மா இடித்த சுக்குப்பொடி அனுப்புங்கள், இரண்டு பேருக்கு ஆகும்படி. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டது, முடிக்கிறேன். உறையின்மேல் என் பெயர் வேண்டாம், அத்தா. ஹர்னாம் சிங் என்று எழுதுங்கள். என் கைக்கு வந்துவிடும்.